எருமை என்று பெயர் வைத்த டாங்கி

2009, ஜூன் 8, திங்கள்

காலையிலேயே வெயில். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று இல்லை, தோல் பதனிடுகிற ஷாப் வாடை மட்டும் தவறாமல் வந்தது. துணி ஊறவைத்தாச்சு. ரசம் மட்டும். மூன்று மணிக்கு க.க. (கரண்ட் கட். தினமும் முழுசாக எழுதிக் கை வலிக்கிறது, இனி இப்படித்தான்.)

அதற்குள் நான்கு ஆட்டம். நான்கும் தோல்வி.

இந்தக் கம்ப்யூட்டர் வாங்கியது நான் வெளிநாட்டு நர்ஸ் பரீட்சைக்குப் படிக்க. படித்தது இரண்டு பாடம். மிச்ச நேரமெல்லாம் டாங்கி. இணையத்தில் இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர், முகம் தெரியாதவர்கள். ஆளுக்கொரு டாங்கி. சுட்டுக்கொள்ள வேண்டியது. எல்லாரும் ஓடுகிற வண்டியாகப் பார்த்து எடுக்கிறார்கள். நான் எடுத்தது இருப்பதிலேயே கனமானது, இருப்பதிலேயே மெதுவானது. பெயர் எருமை, நான் வைத்ததுதான். மேடு ஏறச் சொன்னால் மூச்சு வாங்குகிறது. போய்ச் சேர்வதற்குள் பாதிச் சண்டை முடிந்து, செத்த வண்டிகள் புகைந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் அந்த முன்பக்கத் தகடு. குண்டு வந்து டங்கென்று பட்டுத் தெறித்துப் போகிறது. உள்ளே ஒன்றுமே ஆவதில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் ஆடுகிறேன்.

22ஆம் தேதி டூட்டி. இதுவரைக்கும் பிரசவ லீவு. பாப்பா இல்லை, லீவு மட்டும் முழுசாகக் கொடுத்தார்கள். மார்ச்சில் அவசரமாக ஆபரேஷன். நான் மயக்கம் தெளிந்து எழுவதற்குள் இவர் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்துவிட்டார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு ஆராதனை இல்லை, மணி இல்லை, கல் இல்லை, பெற்றவள் போகக் கூடாது. எங்கள் ஜனத்தின் வழக்கம். பெண் குழந்தை என்று வார்டு சிஸ்டர் சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கே வைத்தார், முகம் எப்படி இருந்தது, இவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

22க்குள் கேட்க வேண்டும். அது தெரியாமல் மறுபடி அந்த லேபர் வார்டுக்குள் கால் வைக்க என்னால் முடியாது.

ஜூன் 9, செவ்வாய்

கொத்தமல்லி வாங்க மறந்தேன். பால் திரிந்துவிட்டது.

ஆட்டத்தில் கலீம் என்று ஒருவன். வாணியம்பாடியில் ப்ரௌசிங் சென்டரில் வேலை, கஸ்டமர் இல்லாத நேரத்தில் ஆடுகிறான். கொசு மாதிரி ஒரு வண்டி வைத்திருக்கிறான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கிறான்.

"எருமை பாய், நீங்க சந்து முனைல நில்லுங்க. நகராதீங்க. நான் ஓடிப் போய் எட்டிப் பாத்துட்டு வர்றேன்."

ஆம்பளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். திருத்தவில்லை. பாயிடம் யாரும் உடம்பு எப்படி இருக்கு, அடுத்தது எப்போ என்று கேட்பதில்லை.

அவன் சொல்லித் தந்தது:
– நேராக நிற்கக் கூடாது. கொஞ்சம் கோணலாக நின்றால் அதே தகடு இன்னும் கனம்.
– ஓடக் கூடாது. ஓடினால் முதுகைக் காட்ட வேண்டும். முதுகில் இஞ்சின், தகடு பேருக்குத்தான்.
– அடி வாங்குவதுதான் நம் வேலை. நம் மேல் சுடுகிற நேரத்தில் மற்றவன் பிழைப்பான்.

சொல்லித் தந்த பிறகு இரண்டு வெற்றி.

இவர் மதியமே வந்துவிட்டார். ஷூ கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் கம்மியாம், தோல் ஷாப்பில் அரை நாள் வேலைதான். வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர். ஒரே பக்கம்.

"சாப்டியா?"
"ம்."
"இன்னா கொழம்பு?"
"ரசம்."

இன்றைய பேச்சு முடிந்தது. இதில் பாப்பாவை எந்த இடத்தில் நுழைப்பது.

ஜூன் 11, வியாழன்

அத்தை (இவருடைய அம்மா) திமிரியிலிருந்து சொல்லாமல் வந்து நின்றார். ஒரு பை கத்தரிக்காய், முருங்கைக்கீரை. நான் ஆட்டத்தின் நடுவில். விட்டு எழுந்தால் ஆறு பேர் திட்டுவார்கள். எழவில்லை.

"இன்னாடி அது, ட்ராக்டரா?"
"இல்ல அத்தை."
"உழுவுற மாதிரிதான் கீது. மெதுவா போவுது."

அதோடு விட்டிருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "எட்டாம் மாசத்துல யாராவது நைட் டூட்டிக்குப் போவாளா? நின்னுகிட்டே வேல செய்யாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன். கேக்கல. இப்ப பாரு."

இவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு இலை, ஒரு இலை. வாயைத் திறந்து "சும்மா இரும்மா" என்று சொல்ல இரண்டே வார்த்தை. வரவில்லை. நான் திரையைப் பார்த்தபடியே "காபி போடறேன் அத்தை" என்றேன். போடவில்லை. எருமையைச் சந்து முனையில் நிறுத்தி, எதிரே வந்தவனையெல்லாம் சுட்டேன். இவர்தான் எழுந்து போய்க் காபி போட்டார்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு அத்தை கிளம்பினார். வாசல் வரைகூட நான் போகவில்லை. கத்தரிக்காய் நல்ல பிஞ்சு. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜூன் 13, சனி

வார்டு சிஸ்டர் போன். "எஸ்தர், இருபத்திரெண்டு ஞாபகம் இருக்கில்ல? லேபர்லயே போடவா, இல்ல கண் வார்டு கேட்டு வாங்கித் தரவா? செவ்வாய்க்குள்ள சொல்லும்மா."

சொல்றேன் சிஸ்டர் என்றேன். வைத்த பிறகுதான் தோன்றியது, பாப்பாவைக் கையில் வாங்கியவர் அவர். அவரையே கேட்கலாம். மறுபடி நம்பர் போட்டேன். ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டேன். அதை மூன்றாம் மனுஷி சொல்லிக் கேட்கக் கூடாது. இவர்தான் சொல்ல வேண்டும்.

பகல் ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் காலி. நான் ஒருத்தி. எதிரே மூன்று பேர். எங்கள் முகாம் வாசலில் கோணலாக நின்றுகொண்டு அசையவே இல்லை. டங், டங், டங். நேரம் முடிகிறவரை முகாமை விடவில்லை, ஜெயித்தோம்.

கலீம் அடித்தான்: "பாய், நீங்க ஆள் இல்ல, மலை."

அதைப் படித்து அழுதேன். என்ன பெரிய மலை. கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லை.

ஜூன் 14, ஞாயிறு

கோயிலில் ஆராதனைக்குப் போகவில்லை, தலைவலி என்றேன். இவர் போய்விட்டு வந்து, சட்டை கூடக் கழற்றாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் தடவை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவன் சுடறான்ல. நீ திரும்பி முதுகக் காட்டு."
"எதுக்கு?"
"முதுகுதான கெட்டி. வயித்துப் பக்கம் லூசு. எந்தத் தோலா இருந்தாலும் அப்டித்தான்."

தோலைத் தரம் பிரிக்கிற மேஜையில் இத்தனை வருஷம் நின்ற மனிதர். கட்டைவிரலால் தடவியே கனம் சொல்வார். அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் எனக்கே கற்றதெல்லாம் மறந்துபோய்த் திருப்பினேன். எருமை திரும்புவதற்குள் விடிந்துவிடும். திரும்பி முடித்த கணம் ஒரே குண்டு. காலி.

கலீம்: "பாய்?? இன்னா பண்றீங்க பாய்??"

சிரித்துவிட்டேன். வயிற்றுத் தையல் இழுக்கிற அளவுக்கு. மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. இவருக்கு ரோஷம். "நீதான எருமன்னு பேர் வச்ச. எருமைக்கு முதுகு கெட்டிதான்." அதற்கும் சிரித்தேன். பிறகு எங்கேயோ அது அழுகையாக மாறிவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வந்தது.

வெளியே வந்தபோது இவர் மௌஸைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்தில் எருமையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 17, புதன்

சிஸ்டருக்கு இன்னும் சொல்லவில்லை. நேற்றோடு கெடு முடிந்தது.

மூன்று நாளாக இவர் ஓட்டுகிறார், நான் பக்கத்தில். இன்று கிடைத்தது நீளமான மைதானம். மற்ற வண்டிகள் பறந்துவிட்டன. எங்களுக்கு ஒரு கிராமம் தாண்டி, பாலம் தாண்டிப் போக வேண்டும். வழியில் செய்ய ஒன்றும் இல்லை. ஒரு விரலை அழுத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி, பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி. முகம் பார்க்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டேன்.

"பாப்பாவ எங்க வச்சீங்க?"

எருமை போய்க்கொண்டே இருந்தது. "லெஃப்ட்ல திரும்பவா?" என்றார்.

"நேரா."

பாலம் வந்த பிறகு சொன்னார். "கல்லறத் தோட்டத்துல. பின்பக்கச் சுவர் மூலைல."

"என்ன கூட்டிட்டுப் போங்க."

க.க. திரை கருத்துவிட்டது. கண்ணாடியில் எங்கள் இரண்டு தலை.

"வேணாம் எஸ்தர்."
"வழக்கம் இல்லன்னு சொல்றீங்களா?"
"அதில்ல. எதுன்னு எனக்கே தெரியல."

மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு அடையாளத்துக்கு ஒரு செங்கல் வைத்தாராம். இரண்டு வாரம் கழித்துப் போனால் செங்கல் இல்லை. பக்கத்திலேயே புதிதாக இன்னும் இரண்டு சின்ன மேடு. குழி வெட்டுகிறவரைக் கேட்டதற்கு, "அந்த மூலைல அப்டித்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றாராம். அதற்குப் பிறகும் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று மாதிரி தோன்றியதாம்.

"அப்பன்னு பேரு. வச்ச எடம் தெரியல. உங்கிட்ட இன்னான்னு சொல்றது."

பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம்தான் வந்தது. ஒரு பிள்ளை. ஒரே ஒரு இடம். அதைக்கூட.

ஜூன் 18, வியாழன்

சமைக்கவில்லை. இவர் கடையில் பிரியாணி வாங்கி வந்தார். திறக்கவில்லை.

காலை ஆட்டத்தில் எருமையைத் திறந்த வெளியில் நேராக ஓட்டினேன், தனியாக. நாலா பக்கமும் சுட்டார்கள். அடுத்ததிலும் அப்படியே.

கலீம்: "வீட்ல எதுனா பேஜாரா பாய்?"

ஆமாம் என்று அடித்தேன். அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "சரி. இந்த ஆட்டம் நீங்க பின்னாடி வாங்க, நான் முன்னாடி நிக்கறேன்." அந்தத் தகர டப்பாவில். நின்றான். முதல் குண்டிலேயே போனான்.

பைத்தியம். நல்ல பையன்.

மாலையில் சிஸ்டருக்கு நானே போன். லேபரிலேயே போடுங்கள் என்றேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. வைத்துவிட்டு, ஆறிப்போன பிரியாணியைப் பாதி தின்றேன். மீதியை இவருக்கு வைத்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேராகக் கல்லறைத் தோட்டம். நான் முன்னால் நடந்தேன், இவர் பின்னால். மல்லி இரண்டு முழம்.

மூலையில் முள், எருக்கஞ்செடி. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ கொட்டிய தோல் வெட்டுத் துண்டுகள். சின்ன மேடுகள் நான்கு. ஐந்தாகவும் இருக்கலாம், மழையில் கரைந்திருக்கிறது.

"இது" என்றார். பிறகு, "இல்ல, அதுவா இருக்கும்." குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவினார், மேஜையில் தோலைத் தடவுகிற மாதிரியே. தடவினால் சொல்லிவிடும் என்று நிஜமாகவே நம்பினார். அதைப் பார்க்க என்னால் ஆகவில்லை.

"விடுங்க. மண்ணு அப்டியெல்லாம் சொல்லாது."

பூவைப் பிய்த்து எல்லாவற்றின் மேலும் போட்டேன். யார் வீட்டுப் பிள்ளைகளோ. அவர்கள் அம்மாக்களும் வந்திருக்க மாட்டார்கள். கோபம் போகவில்லை. கொஞ்சம் கம்மி.

"யார மாதிரி இருந்தா?" என்று கேட்டேன்.

"முடி ஜாஸ்தி" என்றார். அதற்கு மேல் தரையைப் பார்த்தார்.

"முகம்?"

எழுந்து கை மண்ணைத் தட்டிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். வீட்டுக்கு வந்து யூனிஃபார்ம் இஸ்திரி போட்டேன். இடுப்பில் பிடிக்கிறது. டாங்கி ஆடவில்லை.

ஜூன் 22, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன், கோணல் எழுத்து. பள்ளிகொண்டா தாண்டித்தான் சீட் கிடைத்தது. டிபன் பாக்ஸில் இட்லி. வேலூர் போய் இறங்கி, வார்டு படி ஏற வேண்டும். ஏறுவேன்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இவர் வண்டியை ஸ்டாண்டு போடாமலே காலை ஊன்றி நின்றார். பஸ் திரும்புவது தெரிந்ததும் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

"எங்கம்மா மாதிரி இருந்தா. அப்டியே. நெத்தி, மூக்கு, வாய் ஒரு பக்கம் இழுக்குமே, அது கூட. அன்னைக்கே சொல்லிருப்பேன். அம்மா ஆஸ்பத்திரி வாசல்லயே உன்ன அப்டிப் பேசினாங்க. அப்றம் எப்டி சொல்றது."

கண்டக்டர் விசில். ஏறிவிட்டேன்.

இத்தனை வருஷமாகப் பார்க்கிற மனுஷி. இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். குரல் வருகிறது, கொண்டை வருகிறது, பை தூக்கி வருகிற நடை வருகிறது. முகம் மட்டும் வரவில்லை.

வியாழன் எனக்கு ஆஃப். முதல் பஸ்ஸில் திமிரி போக வேண்டும். அத்தைக்கு எதிரில், முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.