உங்கள் கடைசிச் சம்பளப் பட்டியல்

அக்கா,

இன்று காலை கணினியைத் திறந்ததும் திரையின் மூலையில் ஒரு நினைவூட்டல் வந்து நின்றது. "இந்த வருசத்துச் சம்பளக் கணக்குக்குத் தவணை முடிஞ்சுது. விசாரிச்சுப்போட்டு அழிச்சு விடும்." ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். நம் அலுவலகத்தில் அப்படி அடித்தவர் நீங்கள் ஒருவர்தான். வேலையை விட்டு நிற்பதற்கு முந்திய வாரம் நாட்காட்டிக்குள் அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், ஏழு ஆண்டு கழித்து எனக்குச் சொல்வதற்காக. கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்தேன். பிறகு கோபம் வந்தது. செத்த பிறகும் வேலை வாங்குகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புதிதாக ஒன்றும் நீங்கள் சொல்லவில்லைதான். வியாபாரக் கணக்கை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதன் பிறகு வரி விசாரணையோ வழக்கோ இல்லையென்றால் அழித்துவிட வேண்டும் என்று நம் கம்பெனிக்கு விதி எழுதியது நீங்கள். ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் ஒரு பழைய ஆண்டை அழிக்கிறேன். பல் துலக்குகிற மாதிரி ஒரு வேலை, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்த முறை தவணை முடிந்திருப்பது நீங்கள் வேலை பார்த்த கடைசி ஆண்டுக்கு. இதை அழித்தால், லாபு ஊரின் இந்த மாடி அலுவலகத்தில் நீங்கள் இருந்ததற்கு ஓர் எழுத்தும் மிஞ்சாது. உங்கள் நாற்காலியில் இப்போது லாரி டிரைவர்கள் ஹெல்மெட்டுகளைப் போட்டு வைக்கிறார்கள். அந்த ஹெல்மெட்டுகளைப் பார்த்து, "முடியாதுக்கா" என்று வாய்விட்டே சொன்னேன்.

நாம் எதிரெதிர் மேசை. நீங்கள் சம்பளம், நான் வரவுசெலவு. செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் விடுவதும் பழம் ஏற்ற லாரி விடுவதும் முதலாளியின் தொழில். நான் இந்தப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவள். நீங்கள் ரஹாங்கில், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். என் அப்பாவுக்குச் சம்பளம் குறைத்து எழுதிய கிராணி உங்கள் பெரியப்பாவாகத்தான் இருக்கும் என்று நான் வம்புக்கு இழுப்பேன். "இருந்தாலும் இருக்கும், ஆனால் கூட்டல் பிழை விட்டிருக்க மாட்டார்" என்பீர்கள். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவீர்கள். 'வாரும், இரும், சாப்பிட்டீரோ' என்று முதல் வாரம் நீங்கள் பேசியபோது மேடை நாடகத்தில் ராஜா பேசுகிற மாதிரி இருந்தது. வயதில் கொஞ்சம்தான் மூத்தவர் நீங்கள். சன்னலைத் திறப்பதா, ஏர்கோன் போடுவதா என்று நாம் போட்ட சண்டைக்கு இன்று வரை முடிவில்லை. இப்போது நான் சன்னலைத் திறந்து வைக்கிறேன். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் அதில் ருசியும் இல்லை.

அழிப்பதில் உங்களுக்கு அப்படி ஒரு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ரேணுகா ஒருநாள் கேட்டாள். ரேணுகா முதலாளியின் மகள். அப்பா ஓய்வெடுத்த பிறகு கம்பெனியை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அவளுக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். அவள் அப்பா செய்ததை எப்படி முழுசாகச் சொல்வது?

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்டுதோறும் சரஸ்வதி பூசைக்கு முதலாளி கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர் கட்டுகளையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். ஒவ்வொரு கட்டின் தலையிலும் பிள்ளையார் சுழி இருக்கும். தவணை முடிந்த கட்டுகளை ஆபீசுக்குப் பின்னால் வைத்து எரித்துவிடலாமா என்று நீங்கள் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப் போனது. "பூசையில வச்சுக் கும்பிட்டதும்மா. அதுக்குப் போயி நெருப்பு வைக்கச் சொல்றியா?" என்றார். நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருடைய சாமி விஷயத்தில் மேலே பேசக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டீர்கள். எரித்தால்தான் பாவம், விற்றால் பாவமில்லை என்று முதலாளி தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்துகொண்டார் போலிருக்கிறது. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்த பழைய பேப்பர் லாரியை நிறுத்தி, தவணை முடிந்த கட்டுகளையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டார். நாம் சாப்பிட்டுவிட்டு மாடியேறி வந்தபோது அலமாரி காலியாக இருந்தது.

அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்கு என்னோடு வந்தீர்கள். சாமி கும்பிட இல்லை, கச்சாங் பூத்தே தின்ன. வறுத்த கடலையைக் காகிதக் கூம்பில் வாங்கி, தேர் வருகிற பக்கமாக நின்று கொறித்துக்கொண்டிருந்தோம். கூம்பின் அடிக்குப் போனதும் நீங்கள் அதைப் பிரித்தீர்கள். "இது உம்முடைய எழுத்தெல்லோ?" என்றீர்கள். என் எழுத்துத்தான். தொழிலாளி ஒருவரின் மருத்துவச் செலவு வவுச்சர். பெயர், அடையாள அட்டை எண், கிளினிக்கில் எழுதிக் கொடுத்த காரணம், எல்லாம் எண்ணெய்க் கறைக்கு நடுவே தெளிவாக இருந்தன.

நான் அப்போதும் சிரித்தேன். முதலாளி கணக்கு கடைசியில் கடலைக்காவது உதவுகிறதே என்று ஏதோ சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. நேராகக் கடலை வண்டிக்காரரிடம் போய், "அண்ணே, உங்களிட்ட இருக்கிற பேப்பர் முழுக்க எனக்கு வேணும்" என்றீர்கள். பேப்பரைக் கொடுத்துவிட்டால் கடலையைக் கையிலா அள்ளிக் கொடுப்பது என்று அவர் எரிந்து விழுந்தார். என்னைக் கடைத்தெருவுக்கு ஓடச் சொன்னீர்கள். நான் எங்கெங்கோ அலைந்து பழைய நாளிதழ்களை வாங்கி வந்து அவர் வண்டியில் போட்ட பிறகுதான் அந்தக் காகிதக் கட்டைக் கொடுத்தார். ஏற்கெனவே விற்றுப்போன கூம்புகள் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தன. எப்போதும் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் வருகிற நீங்கள், ஊர் தின்று வீசிய காகிதங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கினீர்கள். தெரிந்தவர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கொஞ்ச நேரத்தில் நானும் குனிந்துவிட்டேன்.

ஆனாலும் ஒரு காகிதம் நமக்கு முந்திக்கொண்டது. தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய அந்தப் பெண்ணின் வவுச்சர் அது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை, அவளுக்கு என்ன வருத்தம் என்றும் எழுத மாட்டேன். கணவன் வீட்டாருக்குத் தெரியாமல் அவள் முன்பு வைத்தியம் பார்த்துக்கொண்டவள் என்பது மட்டும் போதும். யாரோ அவர்கள் வாசலில் நின்று வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. லிங்கியிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு, உங்கள் பழைய காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு லிங்கிக்குப் போனீர்கள். நாம் விற்கவில்லையே, நாம் ஏன் போக வேண்டும் என்று வழியெல்லாம் நான் புலம்பினேன். அவள் நமக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நீங்கள் மன்னிப்புக் கேட்டபோது குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "வச்சிருந்த வரைக்கும் ஒழுங்காத்தான வச்சிருந்தீங்கக்கா. இனிமே வேணாம்னு ஆனதும் அதுல இருக்கிறது என் பேருங்கிறது மறந்துபோச்சா?" வேலைக்கு அவள் திரும்பி வரவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் ஆபீசுக்குப் பின்னால் நீல டிரம் வந்தது. மீட்டு வந்த காகிதங்களை என்ன செய்வது என்று முதலாளியிடம் போய் நின்றீர்கள். அவரும் நடந்ததைக் கேட்டு நொந்துபோயிருந்தார். எரிக்க வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துவிடுகிறோம் என்றீர்கள். "பிள்ளையாரையே தண்ணியிலதான கரைக்கிறோம். கரைக்கலாம்" என்றபோது அவர் முகம் தெளிந்தது. டிரம்மை அவரே தூக்கி வந்து வைத்தார். நாள் கணக்கில் ஊறவைத்து, கம்பால் கிண்டிக் கிண்டிக் கூழாக்கினோம். மாரியாத்தாளுக்குக் கூழ் காய்ச்சுகிறோமா அக்கா என்று நான் கேலி செய்ய, நீங்கள் கட்டிகளைக் கையால் பிதுக்கி, எங்காவது ஓர் எண் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பீர்கள். தனியாக யாரும் அழிக்கக் கூடாது, இரண்டு பேர் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி அங்கேதான் பிறந்தது. கூழெல்லாம் பின்பக்கத்து வாழைக்கு உரமாகப் போனது.

பிறகு கணினி வந்தது. கோப்பைக் குப்பைத்தொட்டிக்குள் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று நான் எழுந்தபோது உட்கார வைத்தீர்கள். "நீர் முன்கதவை மட்டும் பூட்டிப்போட்டு வாறீர்" என்றீர்கள். குப்பைத்தொட்டியைக் காலி செய்ய வேண்டும், நகல் எடுத்து வைத்த வட்டைப் பார்க்க வேண்டும், தணிக்கையாளருக்கு மின்னஞ்சலில் போன பிரதியைக் கேட்க வேண்டும். பழைய சிடிகளைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைப்பீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கீழேயிருக்கும் மளிகைக் கடைக்காரர் தலையை நீட்டிப் பார்ப்பார்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். தெரிந்தும் இன்று காலை அழிக்காமல் இருக்க வழி தேடினேன். விசாரித்துவிட்டு அழி என்பதுதானே உங்கள் விதி, சரி, விசாரிப்போம் என்று கிளம்பினேன். சிரம்பானில் தணிக்கையாளரைக் கூப்பிட்டு, அந்த ஆண்டுக் கணக்கில் வரி அலுவலகம் ஏதாவது கேட்டிருக்கிறதா என்றேன். இல்லை என்றார். நன்றாகப் பாருங்கள் என்றேன். வக்கீலைக் கூப்பிட்டுப் பழைய தொழிலாளர் வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா என்றேன். அதுவும் இல்லை. ஒரு சின்ன வரிக் கேள்வியாவது வந்துவிடாதா, அதைச் சாக்காக வைத்து உங்களை இன்னும் ஓர் ஆண்டு இருத்திவைக்கலாமே என்று ஏங்கிய கணக்கர் இந்த நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். நீங்கள் கணக்கைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போனதற்கு முதல் தடவையாக உங்களைத் திட்டினேன்.

மத்தியானம் ரேணுகா சாட்சிக் கையெழுத்துப் போட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டாள். நல்ல பிள்ளை. "ஆன்ட்டி, வேணும்னா அவங்களோடது மட்டும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சுக்குங்கலா. யாரு கேக்கப் போறா?" என்றாள். இப்போதைய முதலாளியே சொன்ன பிறகு என்ன? பென்டிரைவைக் கைப்பையிலிருந்து எடுத்துச் செருகியும் விட்டேன்.

அழிப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும் அல்லவா? திறந்தேன். உங்கள் பெயருக்கு நேரே அந்தக் கடைசி மாதங்கள். விடுப்பு நாட்கள் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகின்றன. உங்கள் நோய் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கடைசிப் பத்தியில், உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் இன்னொருவர் பெயருக்குப் போயிருக்கிறது. அந்தப் பெயரைப் பதிந்தது நான். கை நடுங்கி உங்களால் அடிக்க முடியாமல் போன நாளில், மாடிப்படியில் என்னை நிறுத்தி அது யார், ஏன் என்று சொன்னீர்கள். "உமக்கு மட்டும் தெரிஞ்சாக் காணும். நான் போன பிறகு இதை ஆரும் கதைக்கக் கூடாது" என்றீர்கள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. நீங்கள் என் தோளைத் தட்டிவிட்டு, சன்னலைச் சாத்தச் சொல்லிப் போய்விட்டீர்கள்.

நான் உங்களை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன் அக்கா. வைத்துக்கொள்ளப் பார்த்தது உங்கள் நோயையும் உங்கள் விஷயத்தையும். என் கைப்பையில், பிறகு என் அலமாரியில், நான் போன பிறகு என் மருமகள் கையில்.

ரேணுகா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் கடைசிப் பத்தியைத் தொட்டு, "இந்தப் பேரு யாரு ஆன்ட்டி? நம்ம ஆளு மாதிரி தெரியலையே?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு அழித்தேன். குப்பைத்தொட்டி, நகல் வட்டு, தணிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லி அவர் கையிலிருந்த பிரதி, ஒன்றையும் விடவில்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவள் எழுந்து போன பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெயர் இனி எந்தக் கணினியிலும் இல்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. இந்தக் கடிதத்திலும் எழுதப் போவதில்லை. என்னிடம் இருக்கிறது. நான் உங்களிடம் வரும்போது கொண்டுவருகிறேன்.