பூஸ்டரைக் கழற்றிய கார்

ஜூன் 4, வியாழன்

எங்கள் முதலாளி ஓர் ஆளைக் கொல்லப் போகிறார். அந்த ஆள் என் அக்கா புருஷன்.

கோபத்தில் எழுதவில்லை. சாப்பிட்டுவிட்டு நிதானமாகத்தான் எழுதுகிறேன். பட்டறையில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என்னைவிட மூத்தது. இரண்டே இருக்கை. அதன் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக் காரின் எஞ்சினை வைக்கிறோம். பலம் இரண்டு மடங்கு. இன்று சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கினோம். இறங்கவில்லை. எஞ்சினின் காற்றுக்குழாய் ப்ரேக் பூஸ்டரில் போய் முட்டியது. மிதிக்கிற காலுக்குப் பலம் சேர்க்கும் உருண்டை டப்பா அது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "அதைக் கழட்டிப் போடு. அந்தக் காலத்துல எல்லா வண்டிக்கும் பூஸ்டரா இருந்துச்சு?"

கழற்றினோம். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 5

பூஸ்டரை டிக்கிக்குள் வைத்து, அங்கிருந்து குழாய் இழுக்கலாம், ஒரு வாரம் கூடுதலாக வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கார்க்காரங்க எல்லாம் சேர்ந்து ஊர்வலம் போறாங்க. அதுல இது ஓடணும். நீ என்ன, கார் கம்பெனிக்கே பாடம் எடுப்ப போலிருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும்.

மாமா இந்தப் பட்டறையில் என்னைவிடச் சீனியர். இதுவரை ஒரு தடவைகூட 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எஞ்சின் வேலை முடிந்த எந்த வண்டியையும் முதலில் ட்ரயல் ஓட்டுவது அவர்தான். பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெருமையா அது? ஏதாவது ஆனால், 'ஓட்டினவன் சரியில்லை' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தானே?

ஜூன் 7, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் மாமாவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அழுத்தி மிதிச்சா நிக்கும். இவன் சும்மா ஊதிப் பெருசாக்குறான்" என்றார்.

"உங்களுக்கு முதுகெலும்பே கிடையாது மாமா."

"இருக்குடா மாப்ள. குனிஞ்சு குனிஞ்சு அதுதானே வலிக்குது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இவ யார்கிட்ட போய்ச் சிரிப்பா?

ஜூன் 9

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. பொய் எழுதக் கூடாது — அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பணக்காரன் விளையாட்டுச் சாமானுக்கு என் உடம்பு ஏன் சிலிர்க்க வேண்டும்?

ஜூன் 10

மழை. வேலை இல்லை.

ஜூன் 11, வியாழன்

ட்ரயல். மாமா ஓட்டிக்கொண்டு போனார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

வண்டி நடந்து வருகிற வேகத்தில் திரும்பி வந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. இரண்டு காலும் ப்ரேக்கின் மேலேயே இருந்தன. தோளில் கை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது.

"பள்ளிக்கூடத்துக்கிட்ட சிக்னல் விழுந்துச்சுடா. நிக்கல. கோட்டைத் தாண்டிப் போயிருச்சு." ப்ரேக்கிலிருந்து ஒரு காலை எடுத்துவிட்டு, "பிள்ளைங்க அப்பதான் ரோட்டைக் கடந்து முடிச்சிருந்தாங்க" என்றார்.

திட்ட வேண்டும் என்று வாயெல்லாம் வார்த்தை வைத்திருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜூன் 12, வெள்ளி

காரின் சொந்தக்காரர் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்து, குழந்தையைக் கொஞ்சுவதுபோல எஞ்சினைத் தடவினார்.

"பட்டு மாதிரி ஓடுது சார். நேத்து ட்ரயல் பார்த்தாச்சு" என்றார் முதலாளி. மாமா பக்கம் திரும்பி, "என்னப்பா, நீயே சொல்லு."

மாமா பையிலிருந்து சாவியை எடுத்தார். சொந்தக்காரரிடம் கொடுக்கவில்லை. முதலாளிக்கு முன்னால் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவ ஓட்டிட்டு வாங்க முதலாளி. அந்தச் சிக்னல் வரைக்கும். பார்த்துட்டு சாருக்கு நீங்களே சொல்லுங்க."

சத்தம் உயரவில்லை. வழக்கமான பணிவான குரல்தான். சொந்தக்காரர் பானெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

முதலாளி சாவியை வாங்காமல், மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். மாமா கையை மடக்கவில்லை.