பன்னிரண்டு பெரிய இடங்களும் பதின்மூன்றாவதும்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
14-9-97

அன்பு மகள் சுஜாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் பட்டியல் வியாழக்கிழமை வந்தது. நோயாளியையும் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்யப் பழக்குகிற அந்தப் பயிற்சிக்கு இந்த வருஷமும் போன வருஷத்து அதே பன்னிரண்டு இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறாயாம். பதின்மூன்றாவதாகப் பென்சிலில் ஒரு சின்ன ஊரின் பெயர், பக்கத்தில் கேள்விக்குறி. பன்னிரண்டு பெயரையும் லிங்கம் மாமா கண்ணாடி போடாமலே வாசித்தார். மிளகு மண்டிக்காரருக்கே தெரிந்த பெயர்கள் என்றால் உலகத்தில் உள்ள டாக்டர்கள் அத்தனை பேரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள் என்று உனக்குத் தோன்றவில்லையா? பதின்மூன்றாவதைப் பார்த்து, "இது எந்தப் பட்டிக்காடு, கல்யாணப் பத்திரிகையில போட்டா ஒருத்தனுக்கும் மனசிலாகாதே" என்றார். பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் போடத்தான் நீ படிக்கிறாய் என்பது அவருடைய ஞானம். சாக்கில் அச்சடித்த பெயரைப் பார்த்து மிளகு வாங்கி, இரண்டு தடவை கல்லும் மண்ணும் அள்ளியவர் அவர். எலிக்காய்ச்சலுக்காக விழிஞ்ஞத்தில் மழையில் நின்று மீன்காரர்களிடம் ரத்தம் எடுத்தவள் நீ, நீயும் சாக்கைப் பார்க்கிறாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடித் தகடு கழுவியும் சாயம் போட்டும் நரைத்தவன் நான், பெரிய பெயர்களை என்னைவிடப் பக்கத்தில் பார்த்தவர்கள் கொஞ்சம். நீ தெய்வம்போல் நினைக்கிற புரொபசர் லேபுக்குள் வந்தது வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் போட்டோ எடுக்க. மைக்ராஸ்கோப்பில் அவர் கண்ணை வைத்தபோது, சார், விளக்குப் போடவில்லை என்று மெதுவாகச் சொன்னேன், பரவாயில்லை, படம் எடுக்கட்டும் என்றார். அந்தச் சின்ன ஊரில் என்ன நடந்தது? அங்குள்ள ஒரு டாக்டர் அம்மாள் உன் கட்டுரையை வாசித்துவிட்டு நாலு பக்கம் கேள்வி எழுதி அனுப்பினாள். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்று அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வருஷத்துக்கு இரண்டே பேரை எடுக்கிறார்கள், அந்த இரண்டுக்கும் ஆள் வருவதில்லை. எல்லாம் போனில் நீயே சொன்னதுதான். சொல்லிவிட்டு, "அங்க போனா வேற எங்கயும் இடம் கிட்டாதவன்னு நினைப்பாங்க அப்பா" என்றாய். யார் நினைப்பார்கள்? லிங்கம் மாமா நினைப்பார். நினைத்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். இப்போது என்னடாவென்றால், பெரிய இடம் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியே வேண்டாம், ஊருக்கு வந்து கிளினிக் போடுகிறேன், போன வருஷம் பன்னிரண்டு பேரும் என் தகுதியைப் பார்த்துத்தானே தள்ளினார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் புரொபசரின் சிபாரிசுக் கடிதங்களைப் பன்னிரண்டு உறையில் போட்டு, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் சீலும் வைத்து, தபாலில் சேர்க்கச் சொல்லி ஆபீஸ் கிளார்க் சரசம்மா என் கையில் தந்தாள். பிரிக்கக் கூடாது என்று நீயும் சொல்லியிருந்தாய். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைக்காமல் அனுப்பக் கூடாது என்றாள் உன் அம்மா. உறைமேல் தடவு என்றேன். "உறையில தடவுனா உள்ள இருக்க பேப்பருக்குக் கிட்டுமா?" என்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சீல் உடைந்த குப்பி எதையும் லேபில் சேர்க்காதவன், பன்னிரண்டு உறையையும் ஆவி காட்டிப் பிரித்து, மஞ்சள் தடவி, மைதாப் பசையால் ஒட்டினேன். கையெழுத்து மசி கொஞ்சம் கலங்கியது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கடிதத்தையும் வாசித்தேன். நாலே வரி, அதில் நீ கண் ஆபரேஷனில் கைதேர்ந்தவளாம். வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார் அந்த மகான். ஜனவரியில் சரசம்மா கூப்பிட்டு, "அண்ணாச்சி, கவர் பொட்டிச்சிருக்கு, யாரோ பிரிச்சு ஒட்டியிருக்காங்கன்னு ஒன்பது இடத்திலேருந்து லெட்டர் வந்திருக்கு, அப்ளிகேஷனை நோக்கவே இல்லையாம்" என்றாள். மற்ற மூன்று இடத்துக்காரர்கள் அதைச் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. மார்ச்சில் நீ போனில் அழுதாய், எனக்கு மூளை போதாது போலிருக்கு அப்பா என்றாய். எல்லாம் தெரிந்த நான் பக்கத்து வீட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு, விடு மகளே, எல்லாம் நல்லதுக்குத்தான் என்றேன். புரொபசரைப் பற்றி இத்தனை ஏளனமாக எழுதிவிட்டேன், அவர் வெறும் சோம்பேறி. பெற்ற மகள் தன்னை மட்டமாக நினைத்து அழுததைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்த கோழை நான்தான். என்னைவிடக் கேவலமானவனை இந்த ஆரியசாலையில் நான் பார்த்ததில்லை.

உன்னை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை சுஜா, உன்னைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டுக்கும் மறுபடி போடுவதானால் போடு, தடுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் உன் வேலையை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கடைசியில் பென்சிலில் எழுதாதே. விழிஞ்ஞத்தில் உன்னோடு நின்ற சாவித்ரி டாக்டரிடம் போய்ச் சிபாரிசுக் கடிதம் கேட்டேன், மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்களாம். என் கையில் தர வேண்டாம், நீங்களே தபாலில் சேருங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன், நேற்று பதின்மூன்று உறையும் போய்விட்டன. அந்த மஞ்சளால்தான் இத்தனையும் என்று அம்மாவுக்குத் தெரியாது, அவளைக் கேட்டு நோகடிக்காதே. பத்மநாபசுவாமி உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. என்மேல் உள்ள கோபம் ஆற எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும், அந்தப் பதின்மூன்றாவது இடத்துக்குக் கடைசித் தேதி அக்டோபர் முப்பத்தொன்று.

இப்படிக்கு,
உன் அப்பா
பகவதிப்பெருமாள்