பதினேழாம் கடைக்குப் போட்ட மதிப்பெண்

ஜூன் 9, திங்கள்

கணக்கில் எண்பத்திரண்டு. அம்மா விடைத்தாளைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டாள். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, "நம்ம இருபத்துமூணு கடையும் ஒரே கடை மாதிரி இருக்கணும்" என்பதை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். மூன்றாவது என்றேன்.

"மூணாவதுல கொஞ்சம் கெஞ்சுற மாதிரி இருக்குடி" என்று நாலாவதை வைத்துக்கொண்டாள்.

அம்மா ஒரு பேக்கரிக் கம்பெனியில் ஏரியா மேனேஜர். பெயர்ப்பலகை, பெட்டி, செய்முறை மூன்றும் கம்பெனி கொடுக்கும். இடமும் அடுப்பும் உழைப்பும் ஃபிரான்சைஸ் எடுத்தவர்களுடையது. அப்படி இருபத்துமூன்று கடைகளை அம்மா மேய்க்கிறாள். அடுத்த மாதம் மண்டலத் தலைவர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். கடைகளை நடத்துவதும் விளம்பரமும் ஒரே ஆள் கைக்கு வருமாம். அம்மா அந்தக் கையாக இருக்க வேண்டும். வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை.

இந்த நோட்டு புவியியல் ரெக்கார்டின் அட்டைக்குள் இருக்கிறது. அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்கிய பிறகு போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது? அப்பா வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு. அவரிடம் சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஜூன் 12, வியாழன்

என் வேலையைப் பற்றி எழுதிவிடுகிறேன். ஆமாம், எனக்கும் வேலை இருக்கிறது.

கடைகளை யாருக்கும் சொல்லாமல் போய்ச் சோதிக்க வெளியாள் ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட அவர் முகம் எல்லாருக்கும் பழகிப்போய்விட்டது. ஒரு கடைக்குள் நுழைந்தால் போதும், "கண்ணாடிக்காரர் கிளம்பிட்டாரு" என்று அடுத்த கடைக்குப் போன் பறக்கும்; எல்லார் தலையிலும் தொப்பி ஏறிவிடும். சீருடையும் பையுமாக வரும் பெண்ணை யார் கணக்கில் எடுப்பார்கள்? அம்மாவின் யோசனை.

பன் வாங்குவேன். எத்தனை நிமிடம் ஆகிறது, வணக்கம் சொன்னார்களா, ரசீது தந்தார்களா, பெட்டியில் தேதி ஸ்டிக்கர் இருக்கிறதா. வீட்டுக்கு வந்து படிவம் நிரப்புவேன். பெயர் எழுதக் கூடாது. நான் 'சோதனையாளர் க-4'. முதலில் ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஜூன் 14, சனி

பிரின்டர் தட்டில் ஒரு படிவம் கிடந்தது. பதினேழாம் கடை. க-4. கீழே என் கையெழுத்து, அதாவது க-4க்காக நான் பழகி வைத்திருக்கும் கோணல் கையெழுத்து. மதிப்பெண் 64.

நான் போட்டது 91.

ஆஸ்பத்திரி முனையில் இருக்கும் கடை அது. அதை நடத்தும் அக்காவுக்கு நானாக வைத்த பெயர் பதினேழக்கா. அவளுடைய வீட்டுக்காரர் உள்ளே அடுப்பு வேலையில். எட்டிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. அன்று எனக்கு முன்னால் நின்ற கிழவர் சில்லறை தேடிக்கொண்டே இருந்தார். அக்கா, "மெதுவா எடுங்க ஐயா, பன்னு எங்கேயும் ஓடாது" என்றாள். அதற்காகவே ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டேன்.

தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். எண்ணைத் தவறாகப் படித்திருப்பேனோ? இல்லை. 64தான்.

ஜூன் 16, திங்கள்

கேட்டுவிட்டேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"உன் கண்ணுக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும். நான் சரி பண்ணினேன்."

"இருபத்தேழு மார்க்கா சரி பண்ணுவாங்க?"

"பள்ளிக்கூடத்துல மாடரேஷன்னு குறைக்க மாட்டாங்களா? அது மாதிரி."

எங்கள் பள்ளியில் கூட்டித்தான் போடுவார்கள், குறைத்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 21, சனி

மறுபடி பதினேழு. இந்த முறை கிளம்பும் முன்பே அம்மா, "வணக்கம் சொல்லலைன்னு போட்டுடு" என்றாள். பதினேழக்கா வணக்கம் சொன்னாள். "என்ன பாப்பா, பரிச்சையா, முகம் தொங்கிப் போயிருக்கு?" என்றும் கேட்டாள்.

சொல்லவில்லை என்று போட்டேன். 66.

ஜூன் 22, ஞாயிறு

நான்தான் போட்டேன். அம்மா போடவில்லை. என் கை.

ஜூன் 25, புதன்

ரிப்பன் சார் வீட்டுக்கு வந்தார். கம்பெனியில் எல்லாருக்கும் மேலே இருப்பவர். எந்தக் கடை திறந்தாலும் கத்தரிக்கோலும் கையுமாகப் படத்தில் நிற்பதால் நான் வைத்த பெயர். காபி குடித்துக்கொண்டே என் தலையைத் தட்டிக்கொடுத்தார். என்னை அறைக்குள் போகச் சொன்னார்கள். கதவு முழுதாக மூடவில்லை.

"ஆஸ்பத்திரி முனை நமக்கு வேணும். அதைக் கம்பெனியே நடத்தணும். ஒப்பந்தத்துல என்ன இருக்கு? மூணு சோதனை எழுபதுக்குக் கீழ போனா ரத்து. ரெண்டு ஆச்சு."

"மூணாவதுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க சார்."

"மூணாவது கனமா இருக்கட்டும். படம் கிடம் இருந்தா நல்லது. தலைமைப் பதவிக்கு வர்றவங்க கையில கொஞ்சம் உறுதி இருக்கணும் பாருங்க."

அவர் போன பிறகு அம்மா வெகுநேரம் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

பள்ளி விட்டதும் பதினேழில் ஒரு கேக் துண்டு வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன். பெட்டி மூடியில் இருந்த ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்துத் தரச் சொன்னாள். "என் நகம் ஒட்ட வெட்டிட்டேன், நீ உரி." கெட்டிலின் ஆவியில் காட்டி உரித்தேன். கடை எண், தேதி, நேரம் எல்லாம் பத்திரமாக வந்தது. கேக்கை நான் தின்றேன். சாக்லேட். ருசியாகத்தான் இருந்தது.

எதற்கு ஸ்டிக்கர் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜூலை 2, புதன்

இப்போது தெரியும் எதற்கென்று.

போன வாரம் தலைமை அலுவலக விருந்தில் மிஞ்சியது என்று அம்மா ஒரு கேக் துண்டு கொண்டுவந்திருந்தாள். அதை ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஜன்னல் மேடையிலேயே விட்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். இன்று பள்ளியிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் வெள்ளைக் காகிதம் விரித்து அந்தத் துண்டை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் பச்சைப் பூஞ்சை. பக்கத்தில் பெட்டி. மூடியில் நேற்று நான் உரித்த ஸ்டிக்கர்.

"நாத்தமடிக்குது, ஜன்னலைத் திற" என்றாள், வேறொன்றும் நடக்காதது போல.

படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். போட்டேன் போட்டேன். வேற என்ன பண்றது, அம்மா நிக்கிறா பக்கத்துல, பேனாவ நீட்டிக்கிட்டு.

41.

ஜூலை 8, செவ்வாய்

பதினேழக்கா கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அம்மா அதை மேசையில் வீசினாள், நானும் படித்தேன். உருண்டையான கையெழுத்து.

ஸ்டிக்கர் எங்களுடையது, துண்டு எங்களுடையது அல்ல என்று எழுதியிருந்தாள். படத்தில் துண்டின் மேல் செர்ரிப் பழம் இருக்கிறதே, செர்ரி வைத்த கேக் ஃபிரான்சைஸ் கடைகளுக்குக் கிடையாது, கம்பெனியின் மையச் சமையலறையில் மட்டும்தான் செய்வார்கள், விதிப் புத்தகம் முப்பத்தொன்றாம் பக்கம் பார்க்கவும் என்று.

அந்த விதிப் புத்தகத்தை எழுதியதே அம்மா. அட்டைப்படத்தை நானும் அவளும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். செர்ரி அவள் கண்ணில் படவே இல்லை.

"ஒரு பழம்டி. ஒரே ஒரு பழம்" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்களாம். க-4ஐ நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்களாம்.

அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் எண்ணெய் தடவிவிட்டேன். கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பதினொரு வருடம் கல்லாவில் நின்ற கால்.

"இன்னிக்கும் மீட்டிங்ல என் முதுகுக்குப் பின்னாடி கல்லாக்கான்னுதான் பேசறாங்க. எனக்குக் காதுல விழாதுன்னு நினைப்பு."

"அதுக்காக..."

"எதுக்காகவும் இல்ல. நீ ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். அந்தத் துண்டை அந்தக் கடையிலதான் வாங்கினேன்னு சொல்லு. நீ வாங்கினது வாஸ்தவம்தானே."

வாங்கியது வாஸ்தவம்தான்.

"அந்த அக்காவுக்கு என்ன ஆகும்மா?"

"அவங்க பெரியவங்க. வேற பொழப்பு பாத்துப்பாங்க. எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

என்னைச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கம்பெனியின் சின்ன மீட்டிங் அறை. ஏசி அதிகம். வந்தவர் ஒரு இளம் பெண், தடித்த ஃபைலோடு. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"என்ன படிக்கிறே?"

"ஒன்பதாவது."

"க-4 நீதானா?" அவருக்கு நம்ப முடியவில்லை. பிறகு படத்தைக் காட்டி, "இது நீ வாங்கின துண்டா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். "நான் வாங்கினது சாக்லேட்" என்று வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. 91, 64, வணக்கம், ஸ்டிக்கர், கெட்டில், ஜன்னல் மேடை. ரிப்பன் சார் காபி குடித்தது உட்பட.

ஃபைல் மேடம் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதச் சொன்னார். இரண்டு பக்கம். கீழே என் சொந்தப் பெயரைப் போடச் சொன்னார்.

அப்போது ரிப்பன் சார் உள்ளே வந்தார். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். அவர் கோபப்படுவார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் காகிதத்தை அழகாக நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா பயந்து போயிருக்கு. இத நான் பாத்துக்கறேன்."

"சார், அது ஃபைல்ல இருக்கணும்" என்றார் மேடம்.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எதுவும் கேட்கவில்லை. நான் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பாதாம் பால் பாக்கெட் கூட வாங்கிக் கொடுத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஜூலை 14, திங்கள்

தெரிந்துவிட்டது.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அலுவலகத்திலிருந்து வந்தாள், குளித்தாள், சமைத்தாள், தட்டில் போட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா எழுதியிருக்க. ஒரு பிழைகூட இல்ல" என்றாள்.

அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 16, புதன்

பேச்சில்லை. "பால்." "சாவி." இப்படி.

ஜூலை 25, வெள்ளி

பதினேழாம் கடை மூடிவிட்டது.

பேருந்திலிருந்து பார்த்தேன். பெயர்ப்பலகையைக் கழற்றி நடைபாதையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு தட்டுவண்டியில் மாவு டப்பாக்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பதினேழக்கா ஷட்டருக்கு உள்ளே குனிந்து தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கடை போன பிறகு எதற்குப் பெருக்க வேண்டும்?

நான் உண்மையைச் சொன்னேனே. சொன்னேன்தானே. அப்புறம் ஏன்?

இறங்கவில்லை. இறங்கி என்ன சொல்வது? நான்தான் க-4 என்றா?

ஆகஸ்ட் 2, சனி

அம்மாவுக்குப் பதவி கிடைத்துவிட்டது. மண்டலத் தலைவர். பூங்கொத்து வந்தது, காரும் டிரைவரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு மாமி, "உங்கம்மா சாதிச்சிட்டா போ" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

மாலையில் அம்மா பூங்கொத்தைப் பிரித்துக் குவளையில் வைத்துக்கொண்டே பேசினாள். பத்தொன்பது நாள் கழித்து முழு வாக்கியம், ரிப்பன் சாரைப் பற்றி.

"அவரு இன்னும் நாலு கடை லிஸ்ட் குடுத்திருக்காரு."

"முடியாதுன்னு சொல்லும்மா."

"நீ எழுதின ரெண்டு பக்கம் அவர் டிராயர்ல பூட்டி இருக்கு. அத ஒரு தடவை எடுத்துக் காட்டிட்டுத் திரும்ப உள்ள வச்சாரு. நான் என்ன முடியாதுன்னு சொல்றது?"

திட்டவில்லை. எனக்கு விளக்கிச் சொல்கிற குரல். அதுதான் தாங்க முடியவில்லை. அந்த அக்காவைக் காப்பாற்ற எழுதினேன். அவளுக்கும் உதவவில்லை. இப்போது அம்மா கழுத்தில் கயிறு, முடிச்சு நான் போட்டது. எழுதாமல் இருந்திருந்தால் அம்மா மாட்டேன் என்று சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதை இனிமேல் தெரிந்துகொள்ளவே முடியாது.

ஆகஸ்ட் 6, புதன்

விடுதிப் பள்ளியில் இடம் வாங்கிவிட்டாள். "நல்ல பள்ளிக்கூடம். எனக்கு இனிமே ஊர் ஊராப் போகணும், உன்னை யாரு பாத்துப்பா?" காரணம் சரிதான். நான் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடுதியில் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். கழிவறை நடையில் ஒரு விளக்கு எரியும். அதன் அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டை இங்கே ஒளித்து வைக்கத் தேவையில்லை. யாரும் என் பெட்டியைத் திறப்பதில்லை.

இன்று பெற்றோர் நாள். அம்மா வந்தாள். புதுக் கைக்கடிகாரம். எனக்கு இரண்டு உள்பாவாடை, தலைக்கு எண்ணெய், ஒரு டப்பா பிஸ்கட், வேறு கம்பெனியுடையது. கணக்கில் எவ்வளவு என்று கேட்டாள். எழுபத்தொன்பது என்றேன். விடைத்தாளை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

"கால் வலிக்குதாம்மா?"

"இப்ப கார்லதானே போறேன்."

வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்" என்று எழுந்தாள். பெஞ்சுக்குப் பின்னாலேயே நிழல் இருந்தது. அங்கே நின்று பேசியிருக்கலாம். மைதானத்தைக் கடந்து கேட் வரைக்கும் போனாள். உச்சி வெயில். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். ரொம்ப நேரம். ரவிக்கை முதுகெல்லாம் நனைந்துபோனது. நடுவில் ஒரு முறை திரும்பி, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள்.