கதவுக்குப் பின்னால் ஒரு பை

பிப்ரவரி 5, புதன்

வெயிலைப் பார்த்து ஒரு வாரம் ஆகிறது. துவைத்த துணி காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. ஆய்வகத்திலும் ஜன்னல் கண்ணாடி நாள் முழுக்க வியர்க்கிறது. காலை மாதிரியில் கலங்கல் சரி, குளோரின் சரி. ஊரார் குடிக்கிற தண்ணீர் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகப் போடுகிறேன். ஒருவரும் நன்றி சொன்னதில்லை. குழாயில் கொஞ்சம் மஞ்சளாக வந்தால் மட்டும் என் ஞாபகம் எல்லாருக்கும் வந்துவிடும்.

சிரிப்பு இன்று என் மேசைக்கு வந்தான். வேறு பெயரில் அவனை இங்கே எழுதப் போவதில்லை. நான் வேலை பழக்கியவன். இன்று எனக்கு அதிகாரி. "சார், உங்க ஒரு வார லீவ்... இந்தக் கோடை போகட்டுமே சார்." பல் தெரிய ஒரு சிரிப்பு. இன்னமும் என்னை சார் என்கிறான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பும் இதே சிரிப்புதான். கடற்கரை ஊருக்கு ஒரு வாரம். நாலு மாதம் முன்பே எழுதிக் கொடுத்த விடுப்பு. மகளுக்கு அப்போது எட்டு வயது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் ஆற்றில் வெள்ளம், தண்ணீர் சேறு, "நீங்க இல்லாம முடியாது சார்." அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து அவன் போட்ட முதல் கையெழுத்தே என் விடுப்பை ரத்து செய்யத்தான்.

நல்லது. எனக்கும் விதிமுறை படிக்கத் தெரியும். ஒரு வாரத்துக்கு அவன் கையெழுத்து வேண்டும். ஒரு நாளைக்குக் காலையில் ஒரு போன் போதும். சனி, ஞாயிறோடு ஒரு திங்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே டிக்கெட் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: யாராவது கடைசி நேரத்தில் சீட்டை விட்டால், வெயில் அடிக்கிற ஊராக இருந்தால், ரூம் பாதி விலைக்குக் கிடைத்தால் எனக்குக் கூப்பிடு.

முன்கூட்டிச் சொல்லாத பயணத்தை எவனாலும் ரத்து செய்ய முடியாது. பையைக் கட்டி வாசல் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கூப்பிட்டாள்! "சார், ரெண்டு சீட்டு விழுந்திருக்கு. பஸ் ஆறரைக்கு. வர்றீங்களா, வேற ஆளுக்குக் குடுக்கட்டுமா?"

மருந்தகத்து வேலையிலிருந்து என் மனைவி அப்போதுதான் வந்து தலைக்குக் குளித்திருந்தாள்.

"கிளம்பு."

"எங்கே?"

"கடலுக்கு."

"எப்போ?"

"இப்போ."

"இப்போன்னா?"

"செருப்பைப் போடு."

பஸ்ஸில் எழுதுகிறேன். ஈரத் தலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். ஆனால் கோபம் இல்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வெயில். பிடரியில், முழங்கையில், செருப்புக்குள் எல்லாம் வெயில். மணலில் உட்கார்ந்து நாளைக் காலையை நினைத்துப் பார்த்தேன் — என் நாற்காலி காலி, சிரிப்பு வாசலைப் பார்க்கிறான், கடிகாரத்தைப் பார்க்கிறான்.

"என்ன தனியா சிரிக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"கடலைப் பாருங்க, இங்கே இருக்கு."

பிப்ரவரி 11, செவ்வாய்

"நேத்து போன் மட்டும்தான் வந்துச்சு, நீங்க வரலையே சார்?"

"வரல."

"உடம்புக்கு ஏதாவது...?"

"நல்லா இருக்கு. வெயிலுக்குப் போயிருந்தேன்."

அவன் சிரிப்பு ஒரு நொடி நின்றது. பார்த்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது முறை. இந்தத் தடவை சீட்டுகள் வேறு வேறு வரிசை. இவளுக்குக் கடைசி வரிசையில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். ரூமுக்குக் கீழே ஜெனரேட்டர். மாத்திரைப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டாள். எடுத்துக்கொள்ள நான் நேரம் கொடுக்கவில்லையாம். நாளைய வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லி மருந்தகத்துத் தோழியிடம் பஸ்ஸிலிருந்தே கெஞ்சினாள்.

ஆனாலும் வெயில் இருந்தது. விலை பாதி. எதைத்தான் குறை சொல்ல மாட்டார்கள்?

மார்ச் 21, வெள்ளி

வீட்டுக்கு வந்தவுடன் பையை மறுபடி கட்டி வைத்தாயிற்று. அது இருப்பதால் கதவு முழுக்கத் திறப்பதில்லை. காய்கறிப் பையோடு ஒருக்களித்து நுழையும்போது இவள் தினமும் முணுமுணுக்கிறாள். கேட்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தனியாகப் போகிறேன். ஆமாம், தனியாகத்தான்.

டிக்கெட் கடையிலிருந்து போன். வாங்கிவிட்டேன், இரண்டு சீட்டு. வீட்டுக்கு வந்து சொன்னால், துணி மடித்துக்கொண்டே சொல்கிறாள்:

"நான் வரலைங்க."

"சீட்டு வாங்கியாச்சு."

"என்னைக் கேட்டா வாங்குனீங்க?"

"கேட்டா நாலு பேருக்குத் தெரியும். தெரிஞ்சா நடக்காது. அந்தத் தடவை என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

மடிப்பதை நிறுத்தினாள். "நான் எதுக்கு மறக்கணும்? அந்த நாலு மாசம் மாதிரி நான் எப்பவும் சந்தோஷமா இருந்ததில்ல."

"நாம போகவே இல்லையேடி!"

"நீங்க போகல. நான் நாலு மாசம் தினம் போயிட்டு வந்தேன். கடைசி ஒரு வாரம்தான் ரத்தாச்சு."

அதோடு விட்டாளா? பையைக் காட்டி, "உங்க ஆபீஸ்காரன் அந்த ஒரு வாரத்தைத்தான் எடுத்துக்கிட்டான். மிச்சத்தை எடுத்துக்கிட்டது நீங்க" என்றாள்.

எனக்கும் அவனுக்கும் ஒரே தராசா? எனக்கும் அவனுக்குமா?

ஏப்ரல் 12, சனி

பஸ்ஸில் நடத்துநர் கேட்டார்: "பக்கத்து சீட்டு ஆள் எங்கே சார்?" வரவில்லை என்றேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு ஆசாமியை அங்கே உட்கார வைத்துவிட்டார். அவன் விடிய விடிய என் தோளில் தூங்கினான். என் காசில்.

ரூமில் பையைத் திறந்தேன். எனக்கு இரண்டு சட்டை. இவளுக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது: ஒரு புடவை, ஒரு துண்டு, ஒரு கம்பளிச் சால்வை. வெயிலூருக்குக் கம்பளி! இரண்டு மாதமாக இதைத்தான் ஊர் ஊராகச் சுமந்திருக்கிறேன். இவளும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நான் எப்போது நேரம் கொடுத்தேன்?

இல்லை, இது அவள் பேச்சு. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கடல் இருக்கிறது. வெயில் இருக்கிறது. பார்த்தாயிற்று. அப்புறம்?

பன்னிரண்டு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவன்மேல் கோபமாக இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். அவளுக்காகவும்தான் நான் அதை விடாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்கிறாள், சந்தோஷமாக இருந்தாளாம்! அப்படியென்றால் இத்தனை நாள் நான் மட்டும் தனியாகவா?

சாயங்கால பஸ்ஸுக்குச் சீட்டை மாற்றிக்கொண்டேன். நாளைக்கு வேலைக்குப் போய்விடலாம்.

ஏப்ரல் 16, புதன்

மகளுக்குப் போன் செய்தேன். வேறு ஊரில் படிக்கிறாள். போனில் பேசினால் பாதி நேரம் எதையோ மென்றுகொண்டிருப்பாள். சும்மா கேட்பதுபோல, அந்தப் போகாத பயணம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"மறக்குமாப்பா! அம்மா எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தாங்களே, மொட்டை மாடில."

"மொட்டை மாடில ஏது தண்ணி?"

"தண்ணி இல்லாமத்தான். முக்காலியில குப்புறப் படுத்துக்கிட்டு கையைக் காலை அடிக்கணும். 'அலை வருது, அலை வருது'ன்னு அம்மா கத்துவாங்க."

"அம்மாவுக்கே நீச்சல் தெரியாதே."

"அதனாலதான் முக்காலி."

"எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதே?"

மெல்வதை நிறுத்தினாள். "நீங்க அப்போ தினம் வந்ததும் ஆபீஸ்காரங்களத் திட்டுவீங்கப்பா. நாங்க மாடிக்குப் போயிடுவோம்."

ஏப்ரல் 17, வியாழன்

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். முக்காலி அங்கேயேதான் கிடக்கிறது. மழையில் கால் இற்றுப்போய்.

மே 2, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் 13 முதல் ஒரு வாரம்.

சிரிப்பு அதைக் கண்ணாடிப் பாத்திரத்தை வாங்குவதுபோல வாங்கினான். "செப்டம்பர்ல மழை இருக்குமே சார். ஆறு கலங்கும். ஜார் டெஸ்ட் உங்களத் தவிர யாருக்கும் சரியா வராதே."

அது உண்மைதான். சேற்றுத் தண்ணீரை ஆறு குவளைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம் கரைத்து, முதலில் வேகமாக, பிறகு மெதுவாகக் கலக்கிவிட்டு எது முதலில் தெளிகிறது என்று பார்க்கிற சோதனை. எந்திரம்தான் கலக்குகிறது, தெளிவையும் மீட்டர்தான் சொல்கிறது. ஆனால் வெள்ளத் தண்ணீரில் மீட்டர் சொல்லும் முன்பே திரிதிரியாகக் கூடுகிற அழுக்கைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். ஒருத்தனுக்குத்தான் அதைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் ஒழுங்காகக் கற்றுக்கொள்வதற்குள் பதவி உயர்வு வாங்கி அதிகாரி நாற்காலிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு யாருக்கும் இல்லை என்று முடிவு செய்தேன். அதை மாற்றிக்கொள்ள இன்றுவரை ஒரு காரணமும் இருக்கவில்லை.

"பென்சில்ல போட்டு வைக்கிறேன் சார்" என்றான்.

"பேனாவுல போடு. ரத்து பண்றதுன்னா அதையும் பேனாவுல பண்ணு."

போட்டான். சிரித்துக்கொண்டேதான்.

மே 3, சனி

சமையலறைச் சுவரில் தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். இவள் படித்தாள். அடுப்பைத் துடைத்தாள்.

மே 5, திங்கள்

"உண்மையாவா?" என்றாள் இன்று, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல்.

"ரத்தானாலும் ஆகலாம். இப்பவே சொல்லிட்டேன்."

"ஆனா ஆகட்டும். இப்போ இருக்குல்ல?"

மே 14, புதன்

போன வருடம் வேறு நீர் நிலையத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு அம்மாவிடம் பேசினேன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், மகா வாயாடி. ஒரு வருடமாக அவளிடம் நான் பேசிய மொத்தப் பேச்சும் "அந்தப் பாட்டிலை நகர்த்துங்க" என்பதுதான். ஜார் டெஸ்ட் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"என்ன சார், திடீர்னு பாசம்?"

"பாசமெல்லாம் இல்ல. செப்டம்பர்."

"அப்போ அக்டோபர்ல மறுபடி பாட்டிலை நகர்த்தணுமா?"

குவளைகளைக் கழுவச் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

டிக்கெட் கடைப் பெண்ணிடம் செப்டம்பருக்குச் சீட்டு கேட்டதும், "சார், நீங்கதானா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். முன்கூட்டி வாங்கினால் ரூமுக்கு முழு விலையாம். கழுத்தை நெரிக்கிற விலை. வீட்டுக்கு வந்து சொன்னேன், விட்டுவிடலாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தபடி. "நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். மருந்தகத்துக்கு வருகிற ஒருத்தியின் நாத்தனாருக்கு அந்த ஊரில் வீடு. பின்பக்கத்து அறையை வாடகைக்கு விடுகிறாளாம், நாமே சமைத்துக்கொள்ளலாம், பாதி விலையிலும் பாதி. இரண்டு பேரும் தினம் போனில் பேசுகிறார்கள். எந்த ஜன்னல் கடலைப் பார்த்தது, எந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, அந்த வீட்டுப் பூனை எந்தக் கட்டிலில் படுக்கும் — எல்லாம் இவளுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரியத் தொடங்கிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

கதவுக்குப் பின்னால் இருந்த பையை இவள் காலி செய்து, அலசி, கொடியில் போட்டிருக்கிறாள். கம்பளிச் சால்வையை என் முன்னால் விரித்துக் காட்டி, "கடலுக்குக் குளிரும்னு போர்த்திவிட எடுத்து வச்சீங்களா?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். கதவு முழுக்கத் திறக்கிறது. நுழையும்போது இன்னமும் உடம்பு தானாக ஒருக்களிக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

தொப்பி வாங்கியிருக்கிறாள். வைக்கோல் தொப்பி, முறம் அளவுக்கு. என் கருத்தைக் கேட்டாள். சொன்னேன். மறுபடி கேட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மழை முந்திக்கொண்டது. காலையில் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. சிரிப்பு முழுப் பல்லோடு ஓடி வந்தான். "சார், நான் அப்பவே சொன்னேன்ல—"

"அந்த அம்மா பண்றாங்க" என்றேன்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டிக்கொள்ளாவிட்டால் கை தானாக நீளும். அவள் குவளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக வாயைத் திறக்காமல். மீட்டரை எடுக்கும் முன்பே, "நாலாவது" என்றாள்.

நானும் நாலாவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. மீட்டர் சொல்லட்டும் என்று விட்டேன். சொன்னது.

சிரிப்பு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, பார்க்கலாம் சார்" என்றான்.

"பாரு" என்றேன்.

குவளைகளைக் கழுவிக்கொண்டே அந்த அம்மா கேட்டாள்: "வரும்போது எனக்கு என்ன சார் வாங்கிட்டு வருவீங்க?" என்ன வேண்டும் என்று கேட்டேன். நான் கேட்டதில் அவளைவிட எனக்குத்தான் ஆச்சரியம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நான் வீட்டுக்கு வந்தபோது இவள் சமையலறையில் தொப்பியோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் பழகிவிட்டால் காற்றுக்குப் பறக்காதாம். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம்தான்.

மேசைமேல் வைத்த என் போன் அடித்தது. கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு இவளே எடுத்தாள். டிக்கெட் கடைப் பெண். குரல் எனக்கும் கேட்டது: ரெண்டு சீட்டு விழுந்திருக்கு, இன்னிக்கே கிளம்பணும், பாதி விலை, சார்கிட்ட சொல்றீங்களா.

தொப்பி விளிம்புக்குக் கீழே என்னைப் பார்த்தாள். பழைய ஆள் துள்ளி எழுந்துவிடுவானோ என்று பார்த்தாளோ என்னவோ. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு கத்தியை எடுத்தேன்.

"முடியாதும்மா" என்றாள் போனில். "நாங்க ஊர்ல இல்ல."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு ஆறு இன்னும் கலங்கும். கலங்கட்டும்.