என் பேரில் நீ பேசினாய்

நேற்றுக் காலை பேத்தியின் புதுச்சேலை முந்தானையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பல்லால் கடித்து எடுத்தேன். நாக்கில் பருத்தி ருசி பட்டதும் நீ வந்துவிட்டாய்.

"ஏட்டி வேலாத்தா, கையில கத்திரிய வச்சிக்கிட்டு எலி மாதிரி கடிக்கியே!"

மண்ணரை பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நீயும் நானும் எதிரெதிரே நின்று பிசிறு வெட்டிய காலத்தில் தினமும் திட்டுவாய். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், உள்ளூர்க்காரியான என்னையே மிரட்டுவாய்.

நேற்று பேத்திக்கு டாக்டர் பட்டத்தின் கடைசித் தேர்வு. சமூகவியல். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று நான் உனக்கு விளக்கியதும், "அப்பம் எதுக்குட்டி இத்தன படிப்பு?" என்று கேட்டாயே, அதே படிப்புதான். அஞ்சாவதோடு நின்றவளின் பேத்தி, பெரிய பெரிய வாத்தியார்களுக்கு முன்னால் நின்று பேசினாள்.

தன் ஆராய்ச்சிப் புத்தகத்துக்காக அவள் உன்னைப் பேட்டியெடுக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, நீ நல்ல சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாய்.

"படம் புடிக்கலீங்க பாட்டி, பேச்சு மட்டுந்தானுங்க."

"இருக்கட்டும் தாயி. பேச்சும் நல்லா இருக்கணும்லா? எம் பேரப் போடுவல்லா?"

"போடக்கூடாதுங்க பாட்டி. கம்பெனில உங்களுக்குத் தொந்தரவு வந்துருமுங்க. வேற பேரு நீங்களே சொல்லுங்க."

உன் முகம் வாடிவிட்டது. கம்பெனியில் உன்னை 'ஏ செக்கிங்கு' என்பார்கள். லைன் வீட்டில் நீ 'கடைசி வீட்டம்மா'. புத்தகத்திலாவது உன் பேர் இருக்கும் என்று நினைத்திருந்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"அப்பம் வேலாத்தான்னு போடு. இவ கெடந்து முழிக்கட்டும்."

புத்தகம் முடியுமுன் சளி நெஞ்சை அடைத்து நீ போய்விட்டாய். "அவளே போயாச்சு, இனி என்ன பயம்? பேரைப் போடு கண்ணு" என்று பேத்தியிடம் கேட்டேன்.

"அவங்க மகன் இன்னும் அங்கதானுங்க அம்மாயி வேலைக்குப் போறாரு."



நேற்று சபையில் அவள் வாசித்தாள். "வேலாத்தாள் சொல்கிறார்: பனியன்ல ஒரு நூல் நீட்டிக்கிட்டிருந்தா என்னையக் கூப்பிட்டுக் காட்டுவாவ. எனக்குக் காய்ச்சல்னா ஒருத்தரும் கூப்பிட்டுக் கேக்க மாட்டாவ." நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன்.

முடிந்து எல்லோருக்கும் லட்டும் மிக்சரும் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து தேர்வு வைக்க வந்த பெரியவர் என் பேரைக் கேட்டார்.

"வேலாத்தாளுங்க."

சட்டென்று தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "அதைச் சொன்னது நீங்கதானாம்மா?"

உன் பேர் தொண்டைவரை வந்துவிட்டது. உன் மகன் முகம் நினைவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நானில்லீங்க. என்ர சிநேகிதிங்க."

"அவங்க வரலீங்களா?"

"வரலீங்க."

அந்தக் கும்பிடு உனக்கு வந்தது. என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இன்று காலை பால்காரர் "வேலாத்தாக்கா" என்று கூப்பிட்டார். நான் உடனே திரும்பவில்லை. நீ திரும்ப ஒரு நொடி விட்டு, அப்புறம்தான் திரும்பினேன்.