ரிவர்ஸ் விழாத வண்டியும் பதினேழு சுற்றும்

4.7.96, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மலை உச்சியில் மேகம் கட்டி நிற்கிறது, கீழே ஒரு சொட்டு இல்லை.

வண்டி வாங்கி இன்றோடு ஐந்து மாதம். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டே ஸீட்டு, மடக்குகிற துணிக்கூரை. ஊட்டி டீ எஸ்டேட் ஒன்றில் ஆரம்பித்து கை மாறிக் கை மாறி ஐந்தாவது ஆள் நான். இருபத்தைந்து வயது வண்டி, நாற்பத்தாறு வயது கணக்கு வாத்தியார்.

மெக்கானிக் இப்ராகிம் பாயிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை:

– ரேடியேட்டர். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் கொதிக்கிறது. அறுபதில் போனால் சாதுவாக இருக்கிறது. தேரடித் தெருவில் அறுபதில் எப்படிப் போவது?

– கூரை. வலப்பக்கத் தையல் விட்டுவிட்டது. தார்ப்பாய் தைப்பவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது லாரிக்கா சார், ஆட்டோவுக்கா?" என்றார்.

– ஹாரன். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் தானாக அடிக்கிறது. இடப்பக்கம் ஒடித்தால் ஊமை.

– ஆயில் ஒழுக்கு. மனைவி வசந்தா (வ.) கோலம் போடுகிற இடத்திலேயே.

– பெட்ரோல். லிட்டருக்கு ஏழு கி.மீ. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர நாற்பதுக்கு மேல். வகுத்துப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

பாய் சொன்னது: "சார், இது ஓடறது கம்மி, படுக்கறது ஜாஸ்தி. நீங்க நல்லவரு, அதான் இன்னும் வச்சிக்கினு இருக்கீங்க." ரேடியேட்டர் குழாய்க்கு ஐந்நூற்று அறுபது வாங்கினார். வீட்டில் சொன்னது இருநூற்று எண்பது. எப்போதும் பாதி. அடியோடு மறைத்தால் அது பொய், பாதி சொன்னால் பக்குவம்.

அந்தப் பாதிக்கே இன்று சாப்பாட்டு நேரத்தில் வ. தீர்ப்பு சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு தடவ இது பாய் கடைக்குப் போச்சு, கோபிக்குக் குடுத்துடணும். சொல்லிட்டேன்."

கோபி: போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் பையன். வண்டியை ஸ்டூடியோவுக்குள் நிறுத்தி, புதுமணத் தம்பதிகளை உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். பின்னால் திரையில் சுவிட்சர்லாந்து. வாரம் தவறாமல் வந்து கேட்கிறான். "என்ஜின்கூட வேணாம் சார். கழட்டிட்டே குடுங்க." அந்த வார்த்தை இரண்டு நாள் நெஞ்சிலேயே நின்றது.

8.7.96, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. ரிவர்ஸ் போய்விட்டது.

பள்ளி வேப்பமரத்தடியில் பின்னால் எடுக்கப் பார்த்தால், கியர்க் கம்பி குழம்பில் விட்ட கரண்டி மாதிரி சுற்றுகிறது. முன்னால் போகிற நான்கு கியரும் நன்றாக இருக்கின்றன. பி.டி. வாத்தியாரும் நானும் தள்ளி வெளியே கொண்டுவந்தோம்.

முன்னால் மட்டும் போகிற வண்டி போதாதா என்றால், எங்கள் வீட்டுக்குப் போதாது. வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, மலைப் பக்கமாக. கேட்டை ஒட்டி ஊர்ப் பக்கத்தில் ஒரு மின்கம்பம். ஊரிலிருந்து வந்து திரும்பினால் கம்பம் இடிக்கும். ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தால்தான் உள்ளே நுழையும். எதிர்த் திசையில், செங்கம் பக்கமிருந்து வந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். காலையில் வெளியே எடுப்பது கவலை இல்லை. வாசல் சரிவு, பிரேக்கை விட்டால் தானாகப் பின்னால் உருண்டு ரோட்டுக்கு வந்துவிடும்.

தள்ளி உள்ளே விடலாம். ஆனால் எதிரே முருகன் டீக்கடை. அங்கே ஒருவர் பார்த்தால் டீ ஆறுவதற்குள் வ. காதுக்குப் போய்விடும். வீட்டைத் தாண்டிப் போய் வளைத்துத் திரும்பிப் பார்த்தேன். இந்த வண்டி வளைய ஒரு மைதானம் வேண்டும். இளநீர்க் கடை முன்னால் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. கடைக்காரரும் இரண்டு வெள்ளைக்காரர்களும் தள்ளிவிட்டார்கள்.

நாளை ஒரு யோசனை.

9.7.96, செவ்வாய்

யோசனை பலித்தது. நேற்றும் கடைசியில் அதுதான் நடந்தது, தள்ளிவிட்ட வேகத்தில் கேட்டைத் தவறவிட்டு, பின்னால் எடுக்க வழியில்லாமல் மூக்கு போன போக்கில் ஊர்வழியே போய். இன்று தெரிந்தே செய்தேன். ஊருக்குள் வந்ததும் செங்கம் ரோட்டைப் பிடிக்காமல் காஞ்சி ரோடு, அடி அண்ணாமலை, மலைக்குப் பின்னால் முழுக்கப் போய், செங்கம் பக்கமிருந்து வந்து வழுக்கி உள்ளே. பத்து கி.மீ. ஜாஸ்தி.

பாயை வழியில் பார்த்து, வேறு யாருக்கோ என்பது போலக் கேட்டேன். "கியர் பொட்டி எறக்கணும் சார். பீஸு மெட்ராஸ்ல புதுப்பேட்டையில தேடணும். ஒங்க வண்டிதான?" என்றார்.

10.7.96, புதன்

மூன்றாவது சுற்று. பக்க ஓரத்தில் கோடு போட்டு வருகிறேன்: III.

எழுதி வைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள். சந்தோஷமாக இருந்தது. மலைக்குப் பின்னால் ரோடு காலி. கூரையை மடக்கிவிட்டேன். ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கிறது. வளைவெல்லாம் இடப்பக்கம், ஆகவே ஹாரன் மூச்சு விடவில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இதற்காகத்தானே வாங்கினேன்.

12.7.96, வெள்ளி

தினமும் அரை மணி தாமதம். வ. கேட்கவே இல்லை. மாறாக இன்று அடை, வெல்லம், வெண்ணெய்.

"முருகன் சொன்னாரு. சாரு தினமும் கிரிவலம் போய்ட்டுதான் வூட்டுக்கு வராருன்னு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீங்க."

அடை வாயில் இருந்தது. அதனால் பேசவில்லை.

"சொல்ல வேணாம். வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும் எதுக்குன்னு." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

அவள் வேலை பார்க்கும் தாலுகா ஆபீஸில் செய்யாறுக்கு மாற்றல் வரப்போகிறது என்று ஒரு மாதமாகப் பேச்சு. அது நிற்க வேண்டும் என்று நான் சுற்றுகிறேனாம். இன்னொரு அடை போட்டாள். சாப்பிட்டேன்.

20.7.96, சனி

பள்ளி உண்டு. ஆடிக்காற்று ஆரம்பம். கூரைத் தையல் முழுக்கப் பிரிந்து, காஞ்சி ரோட்டில் கொடி மாதிரி பறந்தது. பதினோரு கோடு.

வீட்டில் கேசரி. மாற்றல் நின்றுவிட்டது. நேற்று சாயங்காலம் செய்தி வந்ததாம், உறுதியாகத் தெரிந்த பின் சொல்லலாம் என்று இன்றுவரை அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரரு சுத்துனதுக்குத்தான்னு."

இப்போது எப்படிச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது. உண்மையாகவே. கேசரியில் முந்திரி நிறைய.

29.7.96, திங்கள்

பதினேழு.

நாளை பௌர்ணமி. மலை வழியில் வண்டி விட மாட்டார்கள். காரைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வர வேண்டியதுதான்.

30.7.96, செவ்வாய், பௌர்ணமி

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வண்டி எங்கே என்றாள். "இன்னிக்காவது நடந்து போகலாம்னு" என்றேன். இந்த வாய்க்கு யார் கற்றுக்கொடுத்தது தெரியவில்லை. "நானும் வரேன்" என்று உடனே செருப்பைக் கழற்றினாள்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். மலை வலக்கைப் பக்கம், ஜனமெல்லாம் ஒரே திசை. இருபது வருஷம் கழித்து அவளோடு இவ்வளவு தூரம் பேசிக்கொண்டு நடக்கிறேன். ஆபீஸ் கதை, அக்கா மகள் கதை. கால் கொப்புளம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

அடி அண்ணாமலையில் நீர்மோர் விற்கிற அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க சார். இன்னிக்குதான் நேரா வரீங்க."

"நேரான்னா?" இது வ.

"சாரு டெய்லி செவப்புக் காருல எதுக்க வந்துக்கினே இருப்பாரும்மா. மலய எடக்கைப் பக்கமா வச்சிக்கினு. மொத ரெண்டு நாளு வழி தெரியாத வெளியூரு ஆளுன்னு நெனச்சேன். அப்புறம் வாத்தியாருன்னாங்க."

வ. மோர் டம்ளரைக் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

மீதி ஒன்பது கி.மீ. அவள் பத்தடி முன்னால் நடந்தாள். எனக்கு இரண்டு காலிலும் கொப்புளம்.

31.7.96, புதன்

காப்பி மேஜை மேல் வைக்கப்பட்டது. கொடுக்கப்படவில்லை.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். ரிவர்ஸ், கம்பம், டீக்கடை, கோபி, பயம்.

"அப்ப எனக்காக இல்ல."

"இல்ல."

இதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை. சாப்பிடவில்லை, இருவரும்.

1.8.96, வியாழன்

காலையிலேயே கோபியை வரச் சொல்லிவிட்டாள். டேப் எடுத்து நீளம் அகலம் அளந்தான். கதவை மூடித் திறந்து பார்த்தான். சுவிட்சர்லாந்துத் திரையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டுமாம். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன், தலைகீழாகப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் குறை.

திடீரென்று வ.: "எத்தன சுத்து சுத்துனீங்க, எடப்பக்கமா?"

"பதினேழு." டைரியைப் பார்க்காமலே சொன்னேன்.

விரலில் ஏதோ எண்ணினாள். பிறகு கோபியிடம்: "இப்பத் தர முடியாது தம்பி. வண்டி தப்பா சுத்தியிருக்கு. அந்தப் பதினேழையும் நேரா சுத்திக் கழிக்கணும். இல்லன்னா நின்ன மாத்தல் திரும்பி வரும்."

"அத சாரு நடந்து கழிக்கட்டுமேக்கா."

"தப்பா சுத்துனது வண்டி. வண்டிதான் சுத்தணும். நானும் கூடப் போவேன். இவரத் தனியா விட்டா எந்தப் பக்கம் போவாருன்னு யாருக்குத் தெரியும்?"

கோபி 24ஆம் தேதிக்கு நாள் குறித்துக்கொண்டு போனான்.

5.8.96, திங்கள்

மூன்றாவது நேர்ச்சுற்று. பள்ளி விட்டு வந்து தாலுகா ஆபீஸ் வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு, எங்கள் வீட்டையே தாண்டிப் போய், மலையைச் சுற்றி ஊருக்குள் வந்து, மறுபடி வீடு.

இந்தத் திசையில் வளைவெல்லாம் வலப்பக்கம். ஹாரன் ஓயவில்லை. செங்கம் ரோடு திருப்பத்திலிருந்து காஞ்சி ரோடு வரை ஊளை. நடந்துபோன சாமியார்கள் ஓரம் கட்டிக் கும்பிட்டார்கள். வ. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். ஊருக்குள் ரேடியேட்டர் கொதித்தது. மடியில் வைத்திருந்த குடத்திலிருந்து அவளே இறங்கி ஊற்றினாள்.

கம்பத்தடியில் முருகன் கடை ஆட்கள் நான்கு பேர் தள்ளினார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது.

9.8.96, வெள்ளி

வ. ஒரு தலையணை கொண்டுவந்திருந்தாள். ஸீட்டுக் கம்பி குத்துகிறதாம். முந்தானை முகத்தில் இல்லை. மோர்க்கார அம்மாவுக்குக் கை காட்டினாள். மோர்க்கார அம்மா டம்ளரை உயர்த்திக் காட்டினாள்.

ஒரு இடத்தில், "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றாள். எண்பது போனேன். எதுவும் கழன்று விழவில்லை.

14.8.96, புதன்

பத்து. சுற்றும்போது நல்ல மழை, ஒழுகல் என் பக்கம் மட்டும்.

புதுப்பேட்டையிலிருந்து பீஸ் வந்துவிட்டது. நேற்றுச் சுற்று முடிந்ததும் வண்டியை விட்டேன். பாய் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றி, சுற்று தவறாமல் சாயங்காலத்துக்குள் வண்டியைக் கொடுத்துவிட்டார். ரிவர்ஸ் விழுகிறது. கம்பத்தடியில் ஒரே தடவை பின்னால் எடுத்து உள்ளே விட்டேன். முருகன் கடை ஆட்களுக்கு ஏமாற்றம்.

பாய்க்குப் பணம் கொடுத்தது வ. "எவ்ளோ ஆச்சு?" என்றேன். "எழுநூறு" என்றாள். பிறகு பாயிடம் கேட்டேன். ஆயிரத்து நானூறாம். ராத்திரி சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். ரசம் ஊற்றினாள்.

23.8.96, வெள்ளி

பதினாறு. நாளையோடு சரி. அடி அண்ணாமலை தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்னவோ.

தூக்கம் வரவில்லை.

24.8.96, சனி

காலையிலேயே துடைத்தேன். சக்கரத்தைக்கூட. பதினோரு மணிக்குக் கடைசிச் சுற்று முடித்து வந்தால், கேட்டில் கோபி. மினி லாரி, கயிறு, பலகை, கையில் ரோஜா மாலை ஒன்று. என்ஜினை நானே வைத்துக்கொள்ளலாம் என்றான், பெரிய மனது பண்ணி.

வ. வண்டியை விட்டு இறங்கவில்லை. தலையணையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோபி, இன்னும் பாக்கி இருக்குப்பா."

"பதினேழு முடிஞ்சிடுச்சேக்கா."

"அது இவரு சொன்ன கணக்கு. பாய் கடைக்கு எவ்ளோ ஆச்சுன்னு கேட்டா ஆறு மாசமா இவரு என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாதா? சரியாப் பாதி. பதினேழுன்னு சொன்னா அது முப்பத்தி நாலு."

கோபி என்னைப் பார்த்தான். லாரிக்காரரும் பார்த்தார். கயிற்றை எடுத்துப்போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மாலையை வீணாக்க வேண்டாம் என்று வண்டிக்கே போட்டுவிட்டான்.

சத்தியமாகப் பதினேழுதான். கோடு இதே டைரியில் இருக்கிறது. கல்யாணமான இருபது வருஷத்தில் அவளிடம் முழுசாகச் சொன்ன ஒரே கணக்கு.

வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமைக்கு: பெட்ரோல் 20 லிட்டர். குடம் கழுவி வைக்க. அவள் பக்கத்து ஸீட்டுக் கம்பி.